எல்லா ஊர்ச் சட்டையும் போட்டவர்

என் மச்சான் எந்த ஊர் டீமுக்கு ஃபுட்பால் ஆடினார் என்று விருத்தாசலத்தில் நாலு பேரைக் கேட்டால் நாலு பதில் வரும். மங்கலம்பேட்டை என்பார் ஒருவர். சேத்தியாத்தோப்பு என்பார் இன்னொருவர். ஜங்ஷன் ரோட்டுக்காரர்கள் தங்கள் ஆள் என்பார்கள். கம்மாபுரத்துக்காரர்களிடம் கேட்டால் சண்டைக்கே வருவார்கள், அதிலென்ன சந்தேகம், அவர் எங்க ஆளு என்று. நாலும் சரிதான். இருபது வருஷம் ஆடிய மனுஷனுக்குச் சொந்த டீம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவர் கெஸ்ட் பிளேயர்.

எங்கள் பக்கத்து டோர்னமெண்ட்டுகளில் ஒரு டீமில் இரண்டு பேர் வெளியூர்க்காரர்களாக இருக்கலாம். ஆள் பற்றாத டீம், தடுத்தாடுகிற பேக்கில் ஓட்டை இருக்கிற டீம், போன வருஷம் தோற்ற ரோஷத்தில் இருக்கிற டீம் எல்லாம் மேட்ச்சுக்குப் பதினைந்து இருபது நாள் முன்னால் நல்ல ஆட்டக்காரர் வீட்டுக்கு வரும். புது ஜெர்சியைப் பிளாஸ்டிக் கவரோடு நீட்டும். கையில் வாங்கிவிட்டால் அந்த டோர்னமெண்ட் முடிகிற வரைக்கும் அவர் அந்த ஊர்க்காரர். எழுத்து, கையெழுத்து எதுவும் கிடையாது. வாங்கி வைத்துக்கொண்டு மேட்ச் அன்றைக்குக் கால் வலி என்று படுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நடுவில் வேறொரு டீம் வந்து கூப்பிட்டால் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறவர்களும் உண்டு. அதையெல்லாம் யாரும் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை. மச்சான் மட்டும்தான் எடுத்துக்கொள்வார்.

பீங்கான் யூனிட்டில் சூளைக்குச் சரக்கு அடுக்குகிற வேலை அவருக்கு. சுடாத பச்சைச் சாமான், விரல் அழுத்தினாலே உடையும். அதைத் தட்டுத் தட்டாக வண்டியில் ஏற்றிச் சூளைக்குள் தள்ள வேண்டும். ஆறடி உயரம், கதவு மாதிரி தோள், ஆனால் அவர் கையில் ஒரு அகல்விளக்கு கூட உடைந்து நான் பார்த்ததில்லை. முழங்கை வரை எப்போதும் வெள்ளையாக மாவு பூசியிருக்கும். ஜெர்சியோடு ஆள் வந்தால் மட்டும் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வருவார். வாங்கியதும் வேலைச் சட்டைக்கு மேலேயே போட்டுப் பார்ப்பார்.

"செரிங்க. வந்துடறேன்."

அவ்வளவுதான் பேச்சு.

நானும் அதே யூனிட்டில்தான் இருந்தேன். ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு எடுக்கிற வேலை. ஃபுட்பாலில் நான் கோல் கீப்பர். அவர் தங்கையை எனக்குக் கட்டிக்கொடுப்பதற்கு முன்னால் என்னை டேய் என்றுதான் கூப்பிடுவார். நான் பெண் பார்க்கப் போய் வந்த மறுநாள், "வாங்க மாப்ள, டீ சாப்ட்டிங்களா" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. எதற்காக என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று கல்யாணத்தில் யாரோ கேட்டதற்கு, "கோல்ல நிக்கிறவன் எங்கயும் ஓட மாட்டான். வூட்லயே இருப்பான்" என்றாராம். என் மனைவி இன்றைக்கும் கோபம் வந்தால் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

அவரைப் பற்றிச் சொன்னால் ஊரில் எல்லாரும் முதலில் சொல்வது சேத்தியாத்தோப்பு மேட்ச்சைத்தான். அந்த வருஷம் அவர் சேத்தியாத்தோப்புக்குக் கெஸ்ட். செமி ஃபைனலில் எதிரே வந்தது அவர் குடியிருந்த தெருப் பையன்களின் டீமே. தெரிந்த முகம்தானே, கொஞ்சம் விட்டுப் பிடிப்பார் என்று பையன்கள் நம்பினார்கள். அவர் பேக்கில் நின்று ஒருத்தனையும் தாண்ட விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் மகன் பந்தோடு வந்தபோது போட்ட போட்டில் பையன் வயலோரம் போய் விழுந்தான். பந்தை அனுப்பிவிட்டு ஓடிப்போய் அவனைத் தூக்கி விட்டு, முட்டியில் ஒட்டிய சேற்றைத் தானே துடைத்தார். திரும்பும்போது எல்லாருக்கும் ஒரே பஸ். பையன்கள் காலியாக இருந்த சீட்டிலெல்லாம் பையை வைத்துக்கொண்டு அவருக்கு இடம் இல்லை என்றார்கள். அவர் விருத்தாசலம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். வழியில் யாரோ ஸ்கோர் கேட்டதற்கு, "நாங்க ரெண்டு, இவங்க ஒண்ணு" என்று அந்தப் பையன்களையே கை காட்டினாராம்.

கம்மாபுரத்துக் கதை வேறு மாதிரி. சுரங்கத்துக்கு நிலம் போய், பாதிக் குடும்பங்கள் வேறு இடத்துக்கு மாறிப் போன சமயம் அது. டீம் என்று சொல்லிக்கொள்ள ஆறேழு பேர்தான் மிச்சம். அவர்களும் டூவீலரில் ஆளுக்கொரு திசையிலிருந்து வந்து சேர வேண்டும். அந்த டீமுக்கு யாரும் கெஸ்ட்டாகப் போகமாட்டார்கள், போனால் தோல்வி நிச்சயம். மச்சான் இரண்டு வருஷம் போனார். ஒரு மேட்ச் நானும் பார்த்தேன். ஏழு கோல் வாங்கியிருந்தார்கள், ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை. பந்து கோட்டுக்கு வெளியே போனது. ரெஃப்ரி அந்தப் பக்கம் கை காட்டிவிட்டார். மச்சான் விடவில்லை. அது எங்க த்ரோ, எப்படி நீங்க மாத்தலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஜெயிக்கிற டீம்காரர்களே "அவருக்கே குடுத்துடுங்க சார்" என்று சிரித்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல், பந்தைத் தலைக்கு மேலே தூக்கி, ஃபைனலில் எறிவது மாதிரி எறிந்தார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. என்ன மனுஷன் இவர் என்று கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மங்கலம்பேட்டைதான் அவரை அதிகமாகக் கூப்பிட்ட ஊர். அந்த டீமுக்குச் செக்ரட்டரி ஒரு பாய், பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்தார். மகன்கள் இரண்டு பேரும் குவைத்தில். டோர்னமெண்ட் செலவில் பாதி அங்கிருந்துதான் வரும். ஜெர்சியை வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டார் பாய். தானே பஸ் ஏறி, ஒரு பேரீச்சம்பழ டப்பாவையும் எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்கு வருவார். மச்சானுக்கு அந்த ஊரில் எந்தக் கடையிலும் டீ இலவசம். அவர் வேண்டாமென்று மறுத்தாலும் விடமாட்டார்கள்.

அந்த வருஷமும் பாய் வந்தார், ஜெர்சியைக் கொடுத்தார், மச்சான் கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொண்டார். பத்து நாள் கழித்து எங்கள் யூனிட் முதலாளிக்குத் திடீரென்று ஃபுட்பால் ஆசை வந்தது. அதே மங்கலம்பேட்டை டோர்னமெண்ட்டுக்கு யூனிட் பேரில் ஒரு டீம் அனுப்புவோம் என்றார். கப்பு வந்தால் டீமில் ஆடுகிற தினக்கூலிக்காரர்கள் எல்லாரையும் பர்மனெண்ட் ஆக்கிவிடுகிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னார்.

பர்மனெண்ட் என்றால் எங்களுக்கு என்ன என்று தினக்கூலியில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். சரக்கு தேங்கினால் நாளைக்கு வராதே என்று சொல்ல முடியாது. இ.எஸ்.ஐ. கார்டு உண்டு. என் மனைவிக்கு அப்போது ஏழாவது மாசம். முதல் குழந்தை. ரத்தம் குறைவு, பிரசவம் சிக்கலாகலாம் என்று டாக்டர் அம்மா சொல்லியிருந்தார். கார்டு இருந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்தக் கார்டைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாத நாள்கள் அவை.

மச்சானும் தினக்கூலிதான். எங்கள் டீமில் ஆடினால் அவருக்கும் அது கிடைக்கும். பாயிடம் ஜெர்சியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று யூனிட்டில் எல்லாரும் சொன்னோம். பாய் ஒன்றும் கோபித்துக்கொள்ளமாட்டார், விஷயத்தைச் சொன்னால் அவரே விடுவார் என்றோம். மச்சான் தட்டில் கட்டைகளை அடுக்கிக்கொண்டே, "வாங்கியாச்சேப்பா" என்றார்.

எதிர்பார்த்தபடியே ஃபைனலுக்கு வந்தது நாங்களும் மங்கலம்பேட்டையும். இரண்டு நாள் முன்னால் அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, இவுருக்கு அந்தக் கார்டு கெடச்சா நல்லாருக்கும். எனக்குப் பயமா இருக்குது."

தோற்றுப்போ என்று அவள் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிறவளும் இல்லை. பயத்தைச் சொன்னாள், அவ்வளவுதான். மச்சான் டம்ளரைக் கீழே வைத்தார். "போயிட்டு வரேம்மா" என்று எழுந்து போனார். டீ அப்படியே இருந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தினமும் ஷிஃப்ட் முடிந்ததும் சரக்கு காய வைக்கிற முற்றத்தில் இரண்டு டிரம்மைக் கவிழ்த்து வைத்து நானும் அவரும் பெனால்டி பழகுவோம். அவர் அடிப்பார், நான் பிடிப்பேன். பிடிப்பேன் என்று சொல்வது பேச்சுக்குத்தான். பெனால்டி என்றாலே நான் என் இடது பக்கம்தான் பாய்வேன். யோசித்துப் பாய்வதில்லை, உடம்பு தானாகப் போய்விடும். அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் என் வலது பக்கம் சுவரே அதிர்கிற மாதிரி அடிப்பார். "மாப்ள, ஒரு நாளாச்சும் இந்தப் பக்கம் வாங்களேன்" என்று கேலி செய்வார். பல வருஷப் பழக்கத்தில் அவர் அடித்த பெனால்டி ஒன்றைக்கூட நான் பிடித்ததில்லை.

ஃபைனலில் ஒன்றுக்கு ஒன்று. எங்கள் முதலாளி பந்தலில் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது எங்கள் பேக் ஒருத்தன் கையில் பந்து பட்டுவிட்டது. பெனால்டி. மங்கலம்பேட்டை கேப்டன் பந்தை எடுத்துக்கொண்டுபோய் மச்சான் கையில் கொடுத்தான்.

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எனக்கு அப்போது அவர் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. போட்ட சட்டைக்கு அவர் துரோகம் செய்யமாட்டார், என்னைத் தோற்கடிக்கத்தான் அடிப்பார், அப்படியென்றால் என் வலது பக்கம்தான் வரும். அவரை அவ்வளவு நம்பினேன். பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு இழுத்த பக்கத்தை விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக வலது பக்கம் பாய்ந்தேன்.

பந்து இடது பக்கம் போனது. போனது என்றுகூடச் சொல்ல முடியாது. குழந்தை உருட்டிவிட்ட மாதிரி மெதுவாகத் தரையோடு உருண்டு கோட்டைத் தாண்டியது. நான் மண்ணில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மைதானமே எழுந்து ஆடியது. என்னா மூளை, தங்கச்சி வூட்டுக்காரனையே மாத்திப் பாய வச்சி அடிச்சான் பாரு என்றார்கள். அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். தோளில் இருந்தவர் முகத்தில் சிரிப்பில்லை. தங்கச்சிக்காக வருத்தப்படறாரு பாவம் என்று அதற்கும் ஒரு விளக்கம் சொன்னார்கள்.

முதலாளி பேச்சை மாற்றவில்லை. கப்பு வரவில்லை, பர்மனெண்ட்டும் வரவில்லை. மனைவிக்குப் பிரசவம் கஷ்டமாகத்தான் ஆனது. இரண்டு நாள் அவள் பிழைப்பாளா என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மச்சான் அங்கேயே வேறொரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள், பெண் குழந்தை. ஆனால் என் கோபம் ஆறவில்லை. தோற்கடித்ததுகூடப் பெரிதில்லை. அதை அவ்வளவு மெதுவாக உருட்டி அடித்தாரே, என்னை ஒரு கீப்பராகக்கூட மதிக்காமல், அதுதான் எனக்கு நெஞ்சில் முள்ளாக நின்றது. ஒரு வருஷத்தில் யூனிட்டை விட்டுவிட்டு லோடு வண்டி ஓட்டப் போய்விட்டேன்.

அந்த ஃபைனலோடு மச்சான் ஆட்டத்தை விட்டுவிட்டார். கெஸ்ட்டுக்குக் கொடுத்த ஜெர்சியைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கும் இல்லை. அவர் அதைத் துவைத்து, தேய்த்து, யாரிடமோ பாய் கடைக்குக் கொடுத்தனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வருஷம் பாய் பேரீச்சம்பழத்தோடு வந்தபோது முட்டி போயிடுச்சி என்று சொல்லி அனுப்பிவிட்டார். கம்மாபுரத்திலிருந்து வந்தவர்களுக்கும் அதே பதில்தான். முட்டி நன்றாகத்தான் இருந்தது. சூளை வண்டியைத் தனியாளாகத் தள்ளிக்கொண்டுதானே இருந்தார்.

எங்கள் வீட்டுக்கு வருவார். மகளுக்கு ஏதாவது வாங்கி வருவார், கேட்டுக்கு வெளியிலேயே நின்று கொடுப்பார். "உள்ள வாங்க" என்று நான் சொன்னால் வருவார், சொல்லாவிட்டால் அப்படியே போய்விடுவார். பல தடவை நான் சொல்லவில்லை. இதை இப்போது எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பன்னிரண்டு வருஷம் போனது. மங்கலம்பேட்டை டோர்னமெண்ட்டுக்கு இருபத்தைந்தாவது வருஷம் வந்தது. பழைய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் சால்வை போடுகிறார்கள் என்று வாட்சப்பில் நோட்டீஸ் சுற்றியது. முதல் பெயர் மச்சானுடையது. ஒரு காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் சொல்வதற்கு முன்பே உள்ளே வந்து நின்றார்.

"மாப்ள, மங்கலம்பேட்டைக்கு நீங்க எங்கூட வரணும்."

அத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். எதற்கு என்று கேட்கவில்லை. எனக்குப் போக மனசில்லை, ஆனால் மனைவி ஏற்கெனவே என் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கப் போட்டுவிட்டாள். பைக்கில் உட்கார வைத்துக் கூட்டிப்போனேன்.

ஃபைனலுக்கு முன்னால், மத்தியான வெயிலில், மைதானத்து ஓரப் பந்தலில் கூட்டம். பாய்க்குத் தாடி முழுக்க வெளுத்திருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் பேசினார்.

"சொந்தத் தங்கச்சி வூட்டுக்காரரு கோல்ல நிக்கிறாரு. அவுரு பொழப்பே அந்த மேட்ச்சுல இருக்குது. அப்பவும் எங்க சட்டைய போட்டுட்டோமேன்னு எங்களுக்காக கோல் அடிச்சவருங்க இவுரு. இந்த மாதிரி ஒரு ஆள நான் பாத்ததில்லீங்க."

விசிலும் கைதட்டலும் அடங்கவே இல்லை. சால்வையைப் போட்டுவிட்டு மைக்கை மச்சான் கையில் கொடுத்தார்கள். அவர் ஒருபோதும் மேடையில் பேசியதில்லை. சால்வையை எடுத்து மடித்து மேஜைமேல் வைத்தார்.

"பாய் சொன்னாரு. எல்லாம் செரி, அந்தக் கடைசி கோலுதான் செரியில்ல. அத நான் எங்க மாப்ள பிடிக்கட்டும்னுதான் அடிச்சேன். அவுரு எப்பவும் எடது பக்கந்தான் பாய்வாரு, எனக்குத் தெரியும். அதான் அந்தப் பக்கமே மெதுவா உருட்டி வுட்டேன். அவுரு அன்னைக்கின்னு பாத்து மாத்திப் பாஞ்சிட்டாரு. கோல் ஆயிடுச்சி. உங்க சட்டைய போட்டுக்கிட்டு, உங்க உப்ப தின்னுட்டு, உங்களுக்கே துரோகம் பண்ணேங்க. இத சொல்லத்தான் வந்தேன்."

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பிறகு யாரோ சிரித்தார்கள். அது பரவிக் கூட்டமே சிரித்தது. "என்னா அடக்கம் பாருங்க அண்ணனுக்கு!" என்றான் கமெண்ட்ரி சொல்கிற பையன். "பாராட்டுனா புடிக்காது அவுருக்கு" என்றார் பாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"தமாஷ் இல்லீங்க. மாப்ள இங்கதான் இருக்காரு. அவர கேளுங்க."

மைக் கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது.

நான் எழுந்து நின்றேன். அந்தப் பந்து என் கண் முன்னால் உருண்டது, அதே வேகத்தில். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம் என்று எனக்கு அந்த நொடியில் தெரிந்துவிட்டது. எனக்காக, தன் தங்கைக்காக, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அந்த மனுஷன் தன்னையே மீறி ஒரு காரியம் செய்திருக்கிறார். நான் அவரை நம்பியதால் அதுவும் வீணாகப் போயிருக்கிறது. பன்னிரண்டு வருஷக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. இத்தனை பேர் முன்னால் இவர் பெயரை நான் கெடுப்பதா?

"மச்சான் எப்பவும் இப்படித்தாங்க" என்றேன். "பெருமைய வேணாம்பாரு. அது சுத்தமான கோலு. என்ன ஏமாத்தித்தான் அடிச்சாரு. கீப்பரா நானே சொல்றேன்."

பந்தல் அதிர்ந்தது. பாய் வந்து அவரைக் கட்டிக்கொண்டார். பாயின் தோளுக்கு மேலாக மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நன்றாகச் செய்துவிட்டேன் என்ற நினைப்பில் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

திரும்பி வரும்போது ஊரைத் தாண்டி ஒரு புளியமரத்துப் பக்கம் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி என் எதிரே வந்து நின்றார்.

"ஏன் மாப்ள அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்னா சொல்லச் சொல்றீங்க மச்சான்? அவ்ளோ பேரு முன்னாடி உங்க பேர நானே கெடுக்கவா?"

"அது என் பேரா? அந்தப் பேர வச்சிக்கிட்டு பன்னெண்டு வருஷமா நான் இந்த ஊரு பக்கம் வரல. உளுந்தூர்பேட்ட போவணும்னாலும் பஸ்ஸுல ஏறமாட்டேன், இந்த வழியா போவுதேன்னு. ட்ரெயின்லதான் போவேன். இன்னைக்கிச் சொல்லிட்டா, பாய் கடையில ஒக்காந்து ஒரு டீ குடிக்கலாம்னு நெனச்சேன்."

"நாளைக்கே போயி பாய்கிட்ட தனியா சொல்லிடலாம் மச்சான்" என்றேன்.

"நான் சொன்னா நம்பமாட்டாங்க. பாத்தீங்கல்ல. நீங்க ஒருத்தர்தான் சொல்ல முடியும். நீங்களும் சொல்லிட்டீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. குரலே உயரவில்லை. மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நாளைக்கு என்று சொன்னேனே, அந்த நாளை வரவே இல்லை. லோடு இருந்தது, மழை வந்தது, மகளுக்குப் பரீட்சை வந்தது. உண்மையைச் சொன்னால், எனக்குத் தைரியம் வரவில்லை. அத்தனை பேர் கைதட்டிய பொய்யைப் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. மச்சான் அதன்பிறகும் வீட்டுக்கு வந்தார், உள்ளே வந்து உட்கார்ந்தார், நான் மரியாதையாகப் பேசினேன், அவரும் பேசினார். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. சால்வை போட்ட நாளிலிருந்து எட்டாவது மாசம் ஒரு விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றார். ஆட்டோ வந்து சேருவதற்குள் போய்விட்டார்.

சாவுக்கு எல்லா ஊர்க்காரர்களும் வந்தார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து, கம்மாபுரத்திலிருந்து, அந்தப் பஸ்ஸில் பையை வைத்து இடம் மறுத்த பையன்கள் உட்பட. மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆள் வந்து இறங்கியது. வரும்போதே ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பெனால்டி அடிக்கப் பந்துக்கு முன்னால் அவர் நிற்கிற பழைய போட்டோ. பின்னால் கோலில் சின்னதாக நான். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், சொந்தத்தை விடச் சொன்ன சொல்லே பெரிதென்று வாழ்ந்தவர் என்று போட்டிருந்தார்கள். தெரு முனையில் இரண்டு கம்புக்கு நடுவே அதைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை. பாயைக் கையைப் பிடித்துத் தனியாக ஒரு சுவர் ஓரம் கூட்டிப்போனேன்.

"பாய், அன்னைக்கி மச்சான் மேடையில சொன்னதுதான் நெசம். நான்தான் பொய் சொன்னேன். அவுரு எனக்காகத்தான் உருட்டி வுட்டாரு. அத உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் அவுரு அன்னைக்கி வந்ததே. சாவுற வரைக்கும் அது அவுருக்கு மனசுல இருந்திச்சி. நீங்க அவர மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க பாய். அவுரு மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

பாய் என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் எடுத்துக்கொண்டார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

"துக்கத்துல இருக்கீங்க தம்பி. இந்த நேரத்துல மனசு எதையாச்சும் போட்டு ஒழப்பிக்கும். அவுரு என்னா தப்பு பண்ணாரு, நான் மன்னிக்கிறதுக்கு? நீங்க அன்னைக்கி அத்தன பேரு முன்னாடி என்னா சொன்னீங்க? சுத்தமான கோலுன்னு சொன்னீங்க. கீப்பரா நானே சொல்றேன்னு சொன்னீங்க. அதுக்கு மேல யாருங்க சொல்லணும்?"

இல்லை பாய், இல்லை பாய் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் என் முதுகைத் தடவிக் கொடுத்து, அழுகிற பிள்ளையைக் கூட்டிப்போவது மாதிரி, ஃப்ளெக்ஸ் கட்டுகிற பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.